நிமிர்ந்து நிற்கும் திரைகள்

கணினித் திரை என்றால் குறுக்குவாட்டில் அகன்று கிடப்பது என்றே நம் கண்கள் பழகிப்போயிருக்கின்றன. ஆயினும், இன்றைய மேசைக் கணினிகளுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கதும், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ஆம் ஆண்டு உருவானதுமான ஆல்டோ என்னும் யந்திரத்தின் திரை, அகலத்தில் 606 புள்ளிகளும் உயரத்தில் 808 புள்ளிகளுமாக, ஒரு கடிதத் தாளை எடுத்து நிறுத்தி வைத்தாற்போலத்தான் இருந்தது. 1989-இல் ஆப்பிள் நிறுவனமும் 640-க்கு 870 என்ற அளவில் அப்படியொரு திரையை விற்றது. பிற்பாடு, தொலைக்காட்சிக்கென்று ஏற்பட்ட 16-க்கு 9 என்ற விகிதமே கணினித் திரைக்கும் பொது விதியாகிவிட, எழுத்தைப் பார்த்தே ஜீவனம் நடத்துகிறவர்கள், கிடைத்த திரையைத் திருப்பி நெடுக்குவாட்டில் நிறுத்திக்கொள்ளும் யுக்தியைக் கைக்கொள்ள வேண்டியதாயிற்று.

புத்தக மெய்ப்புத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட என் மேசையில் அவ்விதம் மூன்று திரைகள் நிற்கின்றன: இடப்பக்கம் ஆசிரியரின் மூலப்பிரதி, நடுவில் திருத்தவேண்டிய பக்கம், வலப்பக்கம் அகராதி. இரண்டு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டை ஒட்டி நிறுத்தினால், அவற்றின் விளிம்புகள் கூடுகிற கறுப்புக் கோடு சரியாக மூக்குக்கு நேரே வந்து நிற்கும். நாள் முழுவதும் கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பியிருக்கும். மூன்றுக்கு வசதி இல்லையென்றால், ஒன்றைக் குறுக்கே கிடத்தி, மற்றொன்றை அதன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

திரை வாங்கக் கடைக்குப் போகிறவர் ஓர் அளவு நாடாவையும் ஓர் ஏ4 தாளையும் உடன் கொண்டுபோவது நல்லது. ஏனென்றால், 24 அங்குலம், 27 அங்குலம் என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் மூலைக்கு மூலை எடுத்த அளவு; நிறுத்தி வைத்த பிறகு நமக்குப் பிரயோஜனப்படுவது அகலமே அன்றி அந்தக் குறுக்களவு அன்று. 24 அங்குலம் என்று வழங்கும் 16-க்கு 9 திரையை நிறுத்தினால் அகலம் 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏ4 தாளின் நீளம். உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். இத்தகைய மூன்றை வரிசையாக நிறுத்தினால் விளிம்புகள் உட்பட ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குறுக்கே கிடத்தினாலோ ஒன்றரை மீட்டருக்கு மேல் மேசை வேண்டும். 27 அங்குலத் திரையில் ஒரு விசேஷம் உண்டு: அதன் நின்ற உயரம் ஏறக்குறைய 59.7 சென்டிமீட்டர், இரண்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 59.4. இதைக் கண்டு நான் மகிழ்ந்தது சொற்ப நேரந்தான். மென்பொருளின் பட்டைகள் மேலும் கீழும் கொஞ்சம் விழுங்கிவிடுகின்றன.

சாதாரண 24 அங்குலத் திரையை நிறுத்தினால் அகலவாட்டில் 1080 பிக்ஸல்களே கிடைப்பதால், சில இணையப் பக்கங்கள் நெருங்கி மடங்கிவிடுகின்றன. 1920-க்கு 1200 என்ற 16-க்கு 10 விகிதத் திரை 1200 பிக்ஸல் தரும். 2560-க்கு 1440 என்ற 27 அங்குலத் திரை 1440 தரும். ஆனால் பெரியதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாற்காலியில் அமர்ந்தவரின் கண் மேசைப் பரப்பிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் இருக்க, 60 சென்டிமீட்டர் திரையின் தலைப்பு அதற்கும் மேலே போய்விடுவதால், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியின் அடிப்பாகத்தின் வழியே மேல்வரியைப் படிப்பதற்காக முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்தை நோகவைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு 16-க்கு 10 திரையே சௌகரியம்.

அளவைக் காட்டிலும் முக்கியமானது திரையின் ஜாதி. டிஎன் என்னும் மலிவான வகை, பக்கவாட்டில் பார்த்தால் ஒருவாறு சமாளிக்கும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். குறுக்கே கிடக்கும்வரையில் அந்தத் தோஷம் அவ்வளவாக வெளிப்படுவதில்லை. திரையைத் திருப்பியதும், மேல் கீழ் என்றிருந்தது இடம் வலமாகிவிடுகிறது. விலை நயமென்று ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி வந்து நிறுத்திவிட்டு, அன்று மாலையே காரணம் தெரியாத தலைவலியோடு உட்கார்ந்திருந்தபோது, தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கினேன். வலக்கண்ணை மூடினால் பக்கம் வெள்ளையாகவும், இடக்கண்ணை மூடினால் அதே பக்கம் பழுப்பேறியும் தெரிந்தது. இரண்டு கண்களும் இரண்டு கோணத்திலிருந்து இரண்டு நிறங்களைக் கண்டு, மூளையிடம் வழக்காடிக்கொண்டிருந்தன! விஏ வகையிலும் இந்தக் குறை ஓரளவு உண்டு. 1996-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் கொண்டுவந்த ஐபிஎஸ் வகையே எந்தக் கோணத்திலும் ஏறத்தாழ ஒரே நிறம் காட்டுவதால், நிறுத்திவைக்க ஏற்றது. மூன்றையும் ஒரே மாடலாக, ஒரே சமயத்தில் வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வாங்கிய மூன்றாவதன் வெண்மை மற்ற இரண்டோடு ஒத்துவராமல் போகலாம்.

எழுத்தின் கூர்மையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. விண்டோஸின் கிளியர்டைப் என்னும் வசதி அந்தப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி, எழுத்தின் விளிம்பை மழமழப்பாக்குகிறது. திரையைத் திருப்பினால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட, ‘ண’கரத்தின் சுழிகளிலும் மெய்யெழுத்தின் புள்ளியிலும் நிறம் கசிந்தாற்போல் ஒரு சாயல் தட்டுகிறது. லினக்ஸில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. மற்றவர்களுக்குப் பரிகாரம், 27 அங்குலத்தில் 4கே போன்ற நெருக்கமான பிக்ஸல்கள் கொண்ட திரைதான். அதில் புள்ளிகள் அத்தனை சிறியனவாதலால் கசிவு கண்ணுக்குப் படுவதில்லை.

இணைப்பைப் பற்றி வாங்குமுன்பே விசாரித்துவிட வேண்டும். கணினியில் மூன்று திரைகளுக்கான வெளியீடு இருக்கிறதா என்பது முதற்கேள்வி. ஆப்பிளின் எம்1 மடிக்கணினி வெளித்திரை ஒன்றை மட்டுமே ஏற்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குச் சங்கிலிபோலக் கேபிள் போடும் வசதி விண்டோஸில் நடக்கும், மேக்கில் நடக்காது. திரையின் வடிவத்தையும் நிலைத்தாங்கியையும் கவனிக்க வேண்டும். நிறுத்தி வைப்பதற்கு வளைந்த திரை வேண்டவே வேண்டாம். எல்லா ஸ்டாண்டும் திரையை நிமிர்த்திச் சுழற்றவிடுவதில்லை. விடாதபட்சத்தில், பின்புறத்தில் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால், திரையைத் தாங்குவதற்கென்று தனியே விற்கும் கையை வாங்கி மாட்டிவிடலாம்.

கணினியின் அமைப்புப் பக்கத்தில் திசையை மாற்றியதும் எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ திரையின் பொத்தானை அழுத்தினால் வருகிற மெனு, திரைக்குள்ளேயே குடியிருப்பது. சில மாடல்களில் அது மட்டும் கிடந்தபடியே வரும். என் நடுத்திரையில் வெளிச்சத்தைச் சரிசெய்ய நான் இன்றைக்கும் தலையை வலத்தோள்மேல் சாய்த்துக்கொண்டுதான் படிக்கிறேன்.