செம்பூருக்கு வந்த ஜாவாப் பேய்

போன மழைக்காலத்தில் என் அக்கா மகன் ஒரு வாரம் லிஃப்டில் ஏறவில்லை. செம்பூர் வாஷி நாக்காவில் ஏழு மாடிக் கட்டடம். குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிக் கொடுத்தது. வீடு ஆறாவது மாடியில். டியூஷனுக்கு, கிரிக்கெட்டுக்கு, கொத்தமல்லி வாங்க என்று நாளைக்கு நாலு தடவை இறங்கி ஏறுகிறவன் அவன். ஏன் படியில் போகிறாய் என்றால் "எக்சர்சைஸ்" என்றான். தங்கைதான் போட்டுக் கொடுத்தாள். ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஒரு இந்தோனேசியப் பேய்ப்படம் பார்த்திருக்கிறான்.

'காஞ்சனா'வைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த பையன். 'கான்ஜுரிங்' பார்த்த ராத்திரியும் குறட்டை விட்டுத் தூங்கியவன். அவனை நூறு படிக்கு மேல் ஏற வைத்த படம் எது என்று தெரிந்துகொள்ள நானும் பார்த்தேன். ஒற்றை விளக்கையும் அணைக்காமல்தான்.

படம் 2022இல் வந்தது. 'பெங்கப்தி சேத்தான்' என்ற படத்தின் இரண்டாம் பாகம். சாத்தானின் அடியார்கள் என்று பொருள் கொள்ளலாம். இயக்குநர் ஜோகோ அன்வர். முதல் பாகத்தில் தனி வீட்டில் பேயிடம் அடிபட்ட குடும்பம், இனிமேல் ஆட்கள் நெருக்கமாக வாழ்கிற இடம்தான் பத்திரம் என்று ஜகார்த்தா கடலோரத்தில் ஒரு அடுக்குமாடிக்குக் குடி வருகிறது. ஏழைபாழைகள் வசிக்கும் கட்டடம். ஒருநாள் ஆட்களை அடைத்துக்கொண்டு போன லிஃப்ட் அறுந்து விழுகிறது. புயல் மழை. தெருவெல்லாம் வெள்ளம். அடக்கம் செய்ய வழியில்லாமல் இறந்தவர்களைக் கோடித் துணியில் சுற்றி அவரவர் வீட்டிலேயே கிடத்துகிறார்கள். அப்போது கரண்ட் போகிறது.

இதில் எதை எங்கள் பையனுக்கு விளக்க வேண்டும்? மிட்டி நதி பொங்கி ரோட்டுக்கு வருவதையா, ஒண்டுக்குடித்தன வீட்டில் பிணத்தைக் கிடத்த இடம் தேடுவதையா? மும்பைக்காரனின் ஒரே காப்பீடு கூட்டம்தான். தாராவியில் எந்த நேரத்தில் அலறினாலும் பத்துத் தலை எட்டிப் பார்க்கும். படம் முதலில் கை வைப்பது அந்தக் காப்பீட்டின் மேல்.

ஆனால் கதை மட்டுமே உடம்பை உலுக்காது. அதற்குள் ஓர் இயந்திரம் ஓடுகிறது. அதன் முதல் சக்கரம் காதில் இருக்கிறது.

எதிர்பாராமல் ஒரு பெருஞ்சத்தம் கேட்டால் கண் இமை மூடத் தொடங்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நொடியை இருபதாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம்கள் ஓடுகின்றன. அதாவது ஓரிரண்டு ஃப்ரேம் நகர்வதற்குள் இமை மூடத் தொடங்கிவிடும். கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும், தோள் தூக்கிக்கொள்ளும். திரையில் வந்தது பேயா பூனையா என்று நமக்குப் புரிவது அதற்கப்புறம்தான். இதற்குத் திடுக்கிடல் அனிச்சை என்று பெயர். நம்மைக் கேட்காமல் உடம்பு தானே செய்கிற காரியம். காதிலிருந்து கிளம்புகிற சேதி, மூளையும் தண்டுவடமும் சேருமிடத்தில் மூன்று நான்கு நரம்புச் சந்திப்புகளைத் தாண்டித் தசைக்குப் போய்விடுகிறது. தலைமையகத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் ஸ்டேஷன் மாஸ்டரே சிவப்புக் கொடி காட்டுகிற மாதிரி. "இது வெறும் சினிமா" என்ற அறிவு தலைமையகத்தில் இருக்கிறது. கொடி அதற்கு முன்பே ஏறிவிட்டது.

இந்த அனிச்சையின் அளவை ஏற்றவும் இறக்கவும் முடியும். ஏற்கெனவே பயந்திருப்பவர் அதே சத்தத்துக்கு இன்னும் பலமாகத் துள்ளுவார். இருட்டில் மனிதர்களின் துள்ளல் கூடுகிறது என்பதை 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இமைத் தசையில் மின்முனை ஒட்டி அளந்தார்கள். அதே காலத்தில் எலிகளையும் சோதித்தார்கள். எலிகளுக்கு நேரெதிர்! கூசும் வெளிச்சத்தில்தான் அவை அதிகம் துள்ளின. இரவில் நடமாடும் எலிக்கு வெளிச்சம் ஆபத்து, பகலில் பிழைக்கும் நமக்கு இருட்டு ஆபத்து. எலிகளுக்காக ஒருவர் பேய்ப்படம் எடுத்தால் தியேட்டரில் எல்லா விளக்கையும் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது சத்தத்தின் அளவல்ல, அதன் தன்மை. நாம் பேசும்போது குரலின் பலம் நொடிக்கு நாலைந்து முறைதான் ஏறி இறங்குகிறது. அலறும்போது அது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை படபடக்கிறது. இதைக் கரகரப்பு என்று சொல்லலாம். குடுகுடுப்பைக்காரர் நடுநிசியில் உடுக்கையை ஆட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஜாதிச் சத்தம். மனிதக் குரலில் இந்த வேக வட்டாரம் கிட்டத்தட்ட அலறலுக்கென்றே ஒதுங்கிக் கிடக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு கண்டது. அபாயச் சங்குகளும் அதே வட்டாரத்தில்தான் ஒலிக்கின்றன. அதற்கு ஐந்து வருடம் முன்னால் டேனியல் புளூம்ஸ்டீன் என்ற விலங்கியலாளர் நூற்றுச் சொச்சம் படங்களின் ஒலியை அலசினார். அவர் மார்மட் என்ற பெரிய தரை அணில்களை ஆராய்கிறவர். பிடிபட்ட அணில்குட்டி கத்துவதில் உள்ள பிசிறு, திகில் படங்களின் ஒலியிலும் சராசரியைவிட அதிகம் இருந்தது. இசையமைப்பாளர்கள் யாரும் அணிலிடம் பாடம் கேட்டதில்லை. காதை நம்பியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் உலகத்துப் பேய்களுக்கெல்லாம் பொது. இந்தோனேசியர்களின் தனிக் கைவண்ணம், சத்தமே இல்லாத இடத்தில் ஒரு சின்னச் சத்தத்தை வைப்பது. 2017இல் வந்த முதல் பாகத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட ஒரு சிறிய கைமணியை ஆட்டுவாள். நம் பூஜையறை மணி அளவுதான். அம்மா இறந்த பிறகும் ஓர் இரவில் மணி கேட்கிறது. அவ்வளவுதான்! பார்வையாளரைப் படத்தின் தொடக்கத்திலேயே பழக்கி வைத்திருக்கிறார் இயக்குநர்: மணி என்றால் அம்மா. பிறகு அம்மாவை மட்டும் உருவிவிடுகிறார். மணிக்கும் சோற்றுக்கும் முடிச்சுப் போட்டு நாய்க்கு எச்சில் ஊற வைத்த பாவ்லவின் சோதனைதான் இது. எச்சிலுக்குப் பதில் நமக்கு வியர்வை.

மும்பைத் தமிழர்கள் இந்த மணியைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஆச்சி, திருநெல்வேலியை விட்டு வந்து ஐம்பது வருடம் ஆகியும், ராத்திரி வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் வாயைத் திறப்பாள். முதல் கூப்பாடு யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

ஆச்சியிடம்தான் இரண்டாம் பாகத்துப் பேயின் கதையைச் சொன்னேன். அதன் பெயர் போச்சோங். முஸ்லிம்கள் இறந்தவரைத் தைக்காத வெள்ளைத் துணியில் பொதிந்து, தலைப்பக்கம், கால்பக்கம் என்று முடிச்சிடுவார்கள். குழியில் இறக்கியதும் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க மறந்தால் அந்த ஆன்மா கட்டோடு எழுந்து வரும் என்பது ஜாவா நாட்டார் நம்பிக்கை. கால் கட்டியிருப்பதால் நடக்க முடியாது, குதித்துத்தான் வரும். கொடும்பல்லோ நகமோ அதற்குக் கிடையாது. "அவிழ்த்துவிடுங்கள்" என்பதுதான் அதன் கோரிக்கையே. ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "கட்டை அவுக்காமலா பொதைச்சானுவ? பின்ன வரத்தாம்ல செய்யும்," என்றாள்.

அவளுக்கு அது வேற்றூர்க் கதையாகப் படவே இல்லை. நம் வீடுகளிலும் உயிர் பிரிந்ததும் வாய்க்கட்டு போடுகிறோம், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறோம். அதற்கு உடலியல் காரணம் உண்டு. இறந்த சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும், அது சீக்கிரம் தெரிவது தாடையில். அதற்குமுன் கட்டாவிட்டால் வாய் திறந்தபடியே நின்றுவிடும். கட்டுவது காரியம், அவிழ்ப்பது கடமை. அந்தக் கடமை தவறினால் என்னாகும் என்ற கேள்வியிலிருந்துதான் போச்சோங் குதித்து வருகிறது.

இன்னொரு பேய் குந்திலானக். மலேசியத் தமிழர்கள் பொந்தியானாக் என்று அறிந்திருப்பார்கள். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண். நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல் அப்படி இறந்த பெண்களின் நினைவாக நட்டதுதான். பாரம் இறக்காமல் போனவள் பேரில் வழிப்போக்கர் பாரம் இறக்கட்டும் என்று. நாம் கல் நட்டு ஆற்றுப்படுத்தினோம், அவர்கள் படம் எடுத்தார்கள். குந்திலானக் வரும்போது ஈழத்தலரிப் பூ மணக்கும் என்பார்கள். அவளுடைய குரலைப் பற்றிய நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்தது: பக்கத்தில் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், தேய்ந்து கேட்டால் பக்கத்தில் நிற்கிறாள்.

யாரோ ஒரு ஜாவாப் பாட்டி எவ்வளவு பெரிய ஒலிப் பொறியாளராக இருந்திருக்க வேண்டும்! ஒரு சத்தம் எவ்வளவு தூரத்தில் பிறந்தது என்பதைக் காது முக்கியமாக இரண்டு தடயங்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஒன்று பலம். மற்றது, நேராக வந்த ஒலிக்கும் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலிக்கும் உள்ள விகிதம். நேரொலி மிகுந்தால் கிட்டம், எதிரொலி மிகுந்தால் தொலைவு. கண்ணை மூடிக்கொண்டு நாள் முழுக்க நாம் நம்பும் இந்தக் கணக்கைக் குந்திலானக் தலைகீழாக்கிவிடுகிறாள். குரல் தேயத் தேய ஆறுதல் வர வேண்டும், அவள் விஷயத்தில் அங்கேதான் உயிர் போகும். அப்புறம் முழு அமைதி என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்காமல் இருந்தாலும் நல்லது.

இந்தப் பேய்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் நம் செம்பூர்வாசிகளின் உறவுமுறைக்காரர்களும் உண்டு. பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகளால் உண்டான பகுதி செம்பூர் கேம்ப். இந்தோனேசியாவுக்கு வியாபாரம் செய்யப் போன சிந்திக் குடும்பங்களில் சில சினிமாவுக்குள் நுழைந்தன. 1980இல் முதல் 'பெங்கப்தி சேத்தான்' படத்தை எடுத்ததும், 2017இல் அதை மறுபடி எடுக்க வைத்ததும் ராப்பி ஃபிலிம்ஸ். அதை நிறுவிய கோப் சம்தானி சிந்தி வம்சாவளி. 2022இல் நாட்டியக்காரிகளின் கிராமத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளும் மாணவர்களைப் பற்றி ஒரு படம் வந்தது. அதை அந்நாட்டில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தியேட்டரில் பார்த்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மும்பை மாநகராட்சி எல்லைக்குள் இருந்த ஜனத்தொகையில் முக்கால் பங்கு அது. அதன் தயாரிப்பாளர் மனோஜ் பஞ்சாபியும் சிந்தி வம்சாவளிதான்.

மும்பையிலேயே பேய்ப்படத்தைக் குடிசைத் தொழிலாக்கியதும் கராச்சியிலிருந்து வந்த ஒரு சிந்தி வானொலிக் கடைக்காரரின் பிள்ளைகள்தான். ராம்சிங்கானி என்ற பெயர் வெள்ளைக்கார வாடிக்கையாளர் வாயில் ராம்சே ஆனது. 1970இல் அப்பா எடுத்த படம் ஓடவில்லை. ஆனால் பிருத்விராஜ் கபூர் பூத முகமூடியோடு வரும் காட்சிக்கு மட்டும் கூட்டம் கிறங்கியதை மகன்கள் துளசியும் ஷ்யாமும் தியேட்டரில் நின்று கவனித்தார்கள். 1972இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' பிறந்தது. ஏழு அண்ணன் தம்பிகளில் இருவர் இயக்கம், ஒருவர் எழுத்து, ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி, ஒருவர் எடிட்டிங் என்று மகாபலேஷ்வரில் போய்த் தங்கி, சுமார் நாற்பது நாளில் சில லட்ச ரூபாயில் முடித்தார்கள்.

இருந்தும் ராம்சே பேய்கள் இன்று சிரிப்பு மூட்டுகின்றன. ஒப்பனை மலிவு என்பது பாதிக் காரணம்தான். 'புரானா மந்திர்' படத்தில் திரிசூலத்தைக் காட்டினால் சாம்ரி என்ற பிசாசு பின்வாங்குவான். காவல் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் உடம்பு தளர்ந்துவிடுகிறது. 1980 இந்தோனேசியப் படத்திலும் இப்படித்தான், கடைசியில் மார்க்க அறிஞர் ஓதுவார், பேய் எரிந்து போகும். அதிபர் சுஹார்த்தோ காலத்துத் தணிக்கைக்கு நல்லதே வென்றாக வேண்டும். 2017இல் ஜோகோ அன்வர் அந்தக் கதவைச் சாத்திவிட்டார். மூத்த மகள் தொழுகையில் நிற்கும்போதே உருவம் வருகிறது. உதவிக்கு வந்த மார்க்க அறிஞரே செத்துப் போகிறார். அறையிலிருந்து வெளியேறும் வழியை அடைத்துவிட்டு அதன்பின் மெதுவாக மணியை ஆட்டுவது, அது வேறு வித்தை.

பையன் இப்போது லிஃப்டில் ஏறுகிறான். ஆனால் அந்த லிஃப்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் கூப்பிடாமலே மூன்றாவது மாடியில் நின்று கதவைத் திறக்கும். வெளியே ஆள் இருந்தால் சரி. இல்லையென்றால் இறங்கி, மிச்ச மூன்று மாடியைப் படியில் ஏறிவிடுகிறான். போன வாரம் அவனுடன் போயிருந்தேன். கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. அவனுக்கு முன்னால் நான் இறங்கியிருந்தேன்.