எழுபது நாள் இரவில் ஒரு டாக்டர்

1898 மார்ச் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவை ஒட்டிய பெலிங்ஸ்ஹாசன் கடலில் ‘பெல்ஜிகா’ என்ற கப்பல் பனிப்பாளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கப்பலில் 18 பேர். அண்டார்க்டிக் வட்டத்துக்குள் அதற்கு முன் எந்த ஆய்வுக் குழுவும் குளிர்காலத்தைக் கழித்ததில்லை. அவர்கள் இருக்கும் இடம் வெளியுலகில் ஒருவருக்கும் தெரியாது. மே 17-ல் மறைந்த சூரியன் ஏறக்குறைய 70 நாட்கள் தலைகாட்டவில்லை.

இருட்டு ஆட்களை உருக்குலைத்துவிட்டது. கொஞ்சம் நடந்தாலே நெஞ்சு படபடத்தது. கால்கள் வீங்கின, பேச்சு அற்றுப்போனது. ஜூன் 5-ல் எமில் டாங்கோ என்ற விஞ்ஞானி இதயக் கோளாறால் இறந்தார். சிலருக்குப் புத்தி பேதலித்தது. குழுத் தலைவர் ஜெர்லாஷும் அவருக்கு அடுத்தவரான லெக்வான்ட்டும் படுத்த படுக்கையாகி உயில் எழுதிவைத்தார்கள்.

இதை மனபலக் குறைவு என்று சொல்வது பெரிய அநியாயம். ஜெர்மனியின் நொய்மாயர் அண்டார்க்டிக் நிலையத்தில் 14 மாதங்கள் தங்கிய 9 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதி அவர்களுக்குச் சுருங்கியிருந்தது. தனிமை உடம்பையே தாக்குகிறது.

பெல்ஜிகாவின் டாக்டர் பிரெடரிக் குக் அமெரிக்கர். இது உடம்பைத் தாக்கும் நோய் என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. கிரீன்லாந்தில் இன்யூட் மக்கள் பச்சை இறைச்சியைத் தின்று, காய்கறியே இல்லாமல் திடமாக இருப்பதை நேரில் பார்த்தவர் அவர். பெங்குவின், சீல் இறைச்சியை அதிகம் வேகவைக்காமல் மருந்தாகச் சாப்பிடச் சொன்னார். அந்த வாடையே ஆகாத லெக்வான்ட் முதலில் இணங்கினார். சில நாட்களிலேயே எழுந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த மற்றவர்களும் தட்டை நீட்டினார்கள். அந்த இறைச்சியில் இருந்த வைட்டமின் சி-க்கு அப்போது பெயரே பிறக்கவில்லை. அது குறைந்தால் ஈறு கெடுவதோடு மனமும் சோர்ந்துபோகும். மூளை ரசாயனமான டோபமைனை நார்அட்ரினலினாக மாற்றும் நொதிக்கு அந்த வைட்டமின் தேவை என்று இன்று தெரியும்.

இன்னொரு வைத்தியம் விசித்திரமானது. நோயாளியின் உடைகளைக் களைந்து, தினமும் அடுப்பு நெருப்பின் நேர் எதிரே நிறுத்திவைத்தார் குக். சூரியன் இல்லாத இடத்தில் நெருப்பாவது உடம்பில் படட்டும் என்பது அவர் கணக்கு. குளிர்கால மனச்சோர்வுக்கு ஒளிச் சிகிச்சை என்று 1984-ல் நார்மன் ரோசன்தால் குழு எழுதுவதற்கு 86 ஆண்டுகள் முந்தைய கதை இது. இப்போது பயன்படும் விளக்கின் பிரகாசம் 10,000 லக்ஸ். அடுப்பு நெருப்பில் அதில் சிறு பங்குகூடத் தேறாது. ஆனாலும் அந்தக் கதகதப்பும், தன்னை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்ற தெம்பும் வேலை செய்திருக்க வேண்டும்.

நிலைமையை ஏற்றுக்கொள்வதென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று பலர் நினைக்கிறோம். கோடைவரை கப்பல் நகராது என்பதைக் குக் ஒப்புக்கொண்டார். அதனால்தான் கையெட்டும் தூரத்தில் இருந்த பெங்குவினும் நெருப்பும் அவர் கண்ணில் பட்டன.

கோடை வந்தும் பனி விடவில்லை. சூரிய வெப்பம் இறங்கி உருக்கட்டும் என்று குக் சொன்னபடி பள்ளம் வெட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1899 ஜனவரியில் ரம்பங்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். உயில் எழுதிய லெக்வான்ட்டும் அதில் உண்டு. சூரியன் மறையாத பருவம் என்பதால் முறைவைத்து இரவுபகலாகப் பனியை அறுத்துக் கால்வாய் வெட்டினார்கள். பிப்ரவரி நடுவில் கப்பல் அசைந்தது. திறந்த கடல் தெரியும் தூரத்தில் பனி மறுபடி மறித்து ஒரு மாதம் நிறுத்திவைத்தது. மார்ச் 14-ல் பெல்ஜிகா வெளியே வந்தது.