மண் சுமந்த பெருமான்

2018ஆம் ஆண்டு மார்கழியில், திருவெம்பாவைப் பூசை நிறைவெய்தும் தறுவாயில், வன்னியிற் பெருமழை பொழிந்தது. டிசெம்பர் 21ஆந் திகதி இரவும் மறுநாளும் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கனகராயன் ஆறு கரைகடந்து, கண்டாவளைப் பகுதியின் வயல்களையும் குடிமனைகளையும் மூடிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியை நாடிச் சென்றது. காலபோக நெல் அப்பொழுது பச்சைப் பயிராய் நின்றது. மாசியில் அறுப்போம், பங்குனியிற் கடன் தீர்ப்போம், வைகாசியில் மகளின் கல்யாணத்தை ஒப்பேற்றுவோம் என்று குடும்பங்கள் போட்டிருந்த கணக்குகள் ஓரிரவிலே நீரிற் கரைந்தன.

இச்சனங்களுக்குத் திட்டம் குலைவது புதிதன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, முகாம்களில் இருந்து, பின் மீண்டுவந்து பற்றை வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். அவர்களிடஞ் சென்று, “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்லும் துணிவு நமக்கு வரலாகாது. திண்ணையில் நனையாதிருப்பவன் பேசும் வேதாந்தம் நனைந்தவன் காதில் ஏறுவதில்லை. வான்கதவுகளை எப்பொழுது திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. அதை ஆராய்வது மனிதர் கடமை. விதியென்று சொல்லி இறைவன் தலையில் ஏற்றிவிடுதல் பக்தியாகாது.

அப்படியாயின் இறைவன் அவ்வெள்ளத்தில் எங்கே இருந்தான்? அந்த வாரத்திலே கோயில்தோறும் ஓதப்பட்ட திருவெம்பாவையை அருளியவரின் வரலாற்றை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகின்றது.

வாதவூரர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கப் பொருளோடு புறப்பட்டவர், திருப்பெருந்துறையிற் குருந்தமர நிழலிலே குருநாதரைக் கண்டார். பயணம் அங்கேயே முடிந்தது. அரசன் பொருள் திருப்பணிக்குச் செலவாயிற்று. நரி பரியானதும், பரி மீண்டும் நரியானதும் சிறுவரும் அறிந்த கதை. முடிவில் அடிகள் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார், வைகை பெருகியது, மதுரை கலங்கியது.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலத்தில் இதன்பின் கூறுவதே நம் கேள்விக்கு உரியது. உடைந்த கரையை அடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து விடப்படுகின்றது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கு ஆளில்லை. கூலியாளாக ஒருவன் கூடையும் மண்வெட்டியுமாய் வருகின்றான். கூலி, உதிர்ந்த பிட்டு. (பிட்டை நாள்தோறும் உண்ணும் நமக்கு அந்த உதிர்ந்த பிட்டின் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை.) வந்தவன் ஒழுங்காய் வேலை செய்தானா? இல்லை. பாடினான், ஆடினான், உறங்கினான். ஏனைய பங்குகள் அடைபட, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாது கிடந்தது. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் பட்டது; எல்லா உயிர்கள் மேலும் பட்டது. கூடை மண்ணைக் கொட்டிவிட்டு ஆள் மறைந்தான், கரை அடைபட்டது.

வெள்ளத்தை வரவிட்டவனும் மண் சுமந்தவனும் ஒருவனே என்பதைப் புராணம் ஒளிக்கவில்லை. ஏன் அப்படி என்றால், அடியார் பொருட்டு ஆடிய விளையாட்டு என்கின்றது. மதுரையிற் கரை உடைந்த நேரத்தில் நின்ற ஏழைகளுக்கு அவ்விடை போதுமாயிருந்திருக்குமோ என்று ஐயுறுவோர் உளர். நானும் அவ்வையத்தை முற்றாகத் தள்ளுவதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: கயிலையில் இருந்தபடியே கையசைத்து வெள்ளத்தை வற்றச் செய்திருக்கக் கூடியவன், அப்படிச் செய்யவில்லை. சேற்றில் இறங்கினான், ஆளில்லாத கிழவியின் பங்கைத் தன் பங்காக ஏற்றான், அடியும் வாங்கினான். திட்டம் குலைந்த இடத்திலே அவன் அருகில் இருப்பான் என்று நம்புவதற்கு நம் சமயம் தரும் சான்று இத்தகையது. இழந்த குதிரைக்கு ஈடாகக் குதிரை கிடைக்கும் என்று அது எங்கும் உறுதி கூறவில்லை.

கண்டாவளைப் பக்கத்து வெள்ளத்திலும் வள்ளத்தோடு வந்து முதியவரைத் தூக்கிச் சென்றவர்கள் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் சமைத்த உணவும் உலருணவும் உடுபுடைவையும் வந்தன. வந்தவர்களிற் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லாமற் போயினர். அவர்களைத் தெய்வம் என்று சொன்னால் அவர்களே நகைப்பார்கள். ஆனால் வந்தியும் தன் கூலியாளைத் தெய்வமென்று அறிந்து பிட்டுக் கொடுக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை, பசித்திருக்கின்றான் என்றே கொடுத்தாள்.

பங்குனி உத்தரத்தன்று புளியம்பொக்கணை நாகதம்பிரான் சந்நிதியிற் பொங்கல் நடைபெறும். அறுவடைக்குப் பின் வரும் நாள் அது. விளைந்தவர்களும் வருவார்கள், வெள்ளத்துக்குக் கொடுத்தவர்களும் வருவார்கள். அரிசி இல்லாதவர் பானையில், பக்கத்து அடுப்புக்காரர் தம் சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போடுவார்.