விரதம் எடுக்கும் முன் மருந்தாளரிடம் சொல்லுங்கள்

சுங்கை வேயில் அம்மாவின் சாமி மேடைக்குப் பக்கத்தில் சின்னப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். தேதி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண், எத்தனை மில்லிகிராம் வார்ஃபரின், அடுத்து வரவேண்டிய நாள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். 2.4, 2.6, 2.3 என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த எண் ஒரு தை மாதம் 1.4-க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை அம்மா ஒருநாளும் விட்டதில்லை. மருத்துவமனை மருந்தாளர், மலாய்ப் பெண், புத்தகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "ஆன்ட்டி, மாக்கான் அடா துக்கார் கா?" ஆமாம், சாப்பாடு மாறியிருந்தது. தைப்பூச விரதம். ஒருநாள் முருங்கைக்கீரை, மறுநாள் பசலை.

ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதன் வேலையைத்தான் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. திடீரென்று கீரை கூடினால் எண் இறங்கும், ரத்தம் எளிதில் உறையும். உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எண் அளவுக்கு மீறி ஏறினாலோ உள்ளே ரத்தம் கசியலாம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்கு இன்னும் சற்று மேலே. கீரையை விடச் சொல்லவில்லை அந்த மருந்தாளர். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், விரதம் எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையை நெருக்கி வைக்கிறேன் என்றார். அலகு குத்துவதாக வேண்டுதல் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் 2004 முதல் எம்.டி.ஏ.சி. என்ற மருந்தாளர் கிளினிக்குகள் நடக்கின்றன. வார்ஃபரினுக்குத் தனியாகவே உண்டு. அங்கே மருந்தாளர் வெறுமனே பொட்டலம் கட்டித் தருபவர் அல்ல. எண்ணைப் பார்த்து, மருத்துவரோடு கலந்து, அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. முட்டி வலிக்கு வேறொரு கிளினிக்குக்குப் போன அம்மாவிடம், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் போன்றவை வார்ஃபரினோடு சேர்ந்தால் ஆபத்து. சில ஆன்டிபயாட்டிக்குகளும் சின்சே எனும் சீன மருத்துவர் கடையின் டாங் குவாய் வேரும் அப்படித்தான். ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, ஆனால் வலி மாத்திரை எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

மருந்துப் பையில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தனியார் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளின் புகாரைக் கவனிக்கும் ஏற்பாடு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அரசாங்க மருத்துவமனையானால் பொது உறவுப் பிரிவுக்குப் போகலாம். மருந்தின் பக்கவிளைவைப் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு நோயாளியே தெரிவிக்கலாம்.

வார்ஃபரினை ஒரு வேளை மறந்துவிட்டு, அன்றைக்குள்ளேயே நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுத்தாலோ சிறுநீர் சிவந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். வழுக்கி விழுந்து தலை அடிபட்டால், வெளியில் காயமே இல்லாவிட்டாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முகப்பில் பெயரைச் சொல்வதற்கு முன்பே உங்கள் வார்ஃபரின் புத்தகத்தை நீட்டுங்கள்.