இலையிற் பிறக்கும் வண்ணம்

வெள்ளை வேட்டியிற் புல்லின் பச்சைச் சாறு பட்டால் வீட்டார் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. துவைத்து வெயிலிற் போட்டுவரச் சில நாளில் அது பழுப்பாகி மங்கிவிடும். வாழைக்கறை பட்டாலோ கதை வேறு. படும்பொழுது நீர்போல் நிறமற்றிருந்த அச்சாறு, காற்றுப் படப்படக் கபிலமாகி, பின்னர் எத்தனைமுறை துவைப்பினும் நீங்காது நிற்கும். கண்ணுக்குத் தெரிந்த பச்சை போய்விடுகின்றது. கண்ணுக்குத் தெரியாதிருந்தது நிலைபெறுகின்றது. இலைகளைக் கொண்டு துணியிலும் தாளிலும் வண்ணம் பதிக்கும் தொழிலின் அடிப்படை இவ்விரு கறைகளுள்ளும் அடங்கியிருக்கின்றது எனலாம்.

இலைக்குப் பச்சை நிறந் தருவது பச்சையம். அதன் மூலக்கூற்றின் நடுவே மகனீசியம் அணுவொன்று உண்டு. சிறிது அமிலமும் வெப்பமும் சேர்ந்த மாத்திரத்தே அவ்வணு கழன்றுவிடும். நெடுநேரம் அவித்த கீரையின் நிறமே எஞ்சும். பச்சையம் நீரிற் கரைவதுமன்று. பருத்தி நூலோடு பிணையும் இயல்பும் அதற்கில்லை. சூரியவொளியும் அதனை விரைவிற் சிதைக்கும். ஆதலால், இலையை அரைத்துப் பச்சைச் சாயம் எடுக்க முயல்வோர் ஏமாற்றமே அடைவர். முற்காலத்துச் சாயத்தொழிலாளர் பச்சைத் துணி வேண்டியபோது அதனை நீலத்தில் ஒருமுறையும் மஞ்சளில் ஒருமுறையும் தோய்த்தே பெற்றனர். பச்சிலைகள் நிறைந்த உலகிற் பச்சைச் சாயமே அரிது என்பது வேடிக்கையன்றோ?

நிலைபெறும் பொருள்கள் இலையினுள் மறைந்து கிடப்பன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று துவர்ப்புத் தரும் தனின். மற்றையது வெளிறிய மஞ்சள் நிறம் வாய்ந்த பிளவனொயிட்டு என்னும் இனம். கொய்யாவிலை, மாவிலை, வாதுமையிலை ஆகியவற்றில் இவை மிகுதியாக உள. நாவிலே துவர்ப்பது துணியிலும் பற்றும் என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும். எனினும், இவை தனித்து நின்றால் மங்கிய கபிலமும் மஞ்சளுமே தோன்றும். உலோக உப்பொன்று சேரும்போதே நிறம் துலங்குகின்றது. துலங்குவதோடு நூலிற் பிணைந்தும் நிற்கின்றது. இவ்வாறு இடைநின்று பிணைக்கும் உப்பினை நிறமூன்றி என்பர். படிகாரத்திலுள்ள அலுமினியம் மஞ்சளைப் பொலியச் செய்யும். அன்னபேதியிலுள்ள இரும்போ தனினைக் கருநீலமும் கருமையுமாக மாற்றிவிடும். கடுக்காய்நீரில் அன்னபேதியைக் கரைத்து மை ஆக்கியவர்கள் இந்த இரசாயனத்தைப் பெயர் கூறாமலே கையாண்டவர்கள்.

இனிச் செய்முறையைச் சற்று விரித்துரைப்போம். நூறு கிராம் பருத்தித் துணியை எடுத்துக்கொண்டால், முதலிற் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஒரு மணிநேரம் காய்ச்சி அதன் கஞ்சியையும் எண்ணெய்ப்பசையையும் அறவே நீக்குதல் வேண்டும். பலர் அவசரப்பட்டு விட்டுவிடும் படி இது. பதிவு திட்டுத்திட்டாய்ப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பின்னர்க் கடுக்காய்த்தூள் பதினைந்து முதல் இருபது கிராம் ஊறிய நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துக. உலர்ந்தபின் பதினைந்து கிராம் படிகாரம் கரைத்த நீரில் இட்டு மீண்டும் உலர்த்துக. பருத்தி செலுலோசினால் ஆயது. படிகாரம் அதில் நேரே நன்கு பற்றாது. கடுக்காயின் தனின் அவ்விரண்டுக்கும் இடையே பாலமாகின்றது. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவையாகையால் அவற்றுக்கு இப்பாலம் வேண்டுவதில்லை. மலைநாட்டில் வளரும் யூக்கலிப்டசு மரத்தின் சிலவகை இலைகள், கம்பளியில் நிறமூன்றி எதுவுமின்றியே செம்மஞ்சள் நிறத்தைப் பதிக்கவல்லவை.

துணியை நனைத்துப் பிழிந்து மேசைமேல் விரித்து, அன்னபேதி சிறிதளவே கரைத்த நீரில் முக்கியெடுத்த இலைகளை அதன்மேற் பரப்புக. நூறு கிராம் துணிக்கு இரண்டு கிராம் அன்னபேதி போதும். நரம்பு புடைத்த கீழ்ப்புறம் துணியைத் தொடுமாறு வைத்தால் உருவம் பெரும்பாலும் தெளிவாக விழும். பின் ஒரு கோலின்மேல் துணியை இறுகச் சுருட்டிக் கயிற்றால் வரிந்து கட்டி, இடியப்பம் அவிப்பதுபோல ஆவியில் ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் அவித்தெடுக்க வேண்டும். (அப்பாத்திரத்தைப் பின்னர்ச் சமையலுக்கு எடுத்தல் ஆகாது.) இறுக்கமே இத்தொழிலின் உயிர். இலைக்கும் துணிக்கும் இடையில் வெளி இருந்தால் ஆவி அங்கே நீராகி, சாயம் பரந்து, இலையின் உருவம் கலங்கிப்போகும். ஆறியபின் அவிழ்த்தால் ஒரே மரத்தின் இரண்டு இலைகளுங்கூட ஒருபடியாகப் பதிவதில்லை. இலையின் முதிர்ச்சி, பருவம், மண், நீர் ஆகியன யாவும் அதிற் பங்குகொள்கின்றன.

தாளிற் பதிப்பதும் இவ்வாறே. நீர்வண்ண ஓவியத்துக்குரிய தடித்த தாளைப் படிகார நீரில் நனைத்து, தாளும் இலையும் மாறிமாறி அடுக்கி, இரண்டு ஓடுகளுக்கிடையே வைத்துக் கட்டி அவித்தல் வேண்டும். செய்தித்தாள் போன்றன கூழாகிவிடும். ஈண்டு ஓர் எச்சரிக்கை: இரும்பு காலப்போக்கில் தாளையும் நூலையும் அரிக்கும். பழைய ஆவணங்களில் எழுத்திருந்த இடம் துளையாயிருப்பதும், பழைய அச்சுச்சீலைகளிற் கருநிறப் பகுதி முதலில் இற்றுப்போவதும் இதனாலேயே. ஆகவே, கருமை அழகாயிருக்கின்றதென்று அன்னபேதியை அள்ளிப் போடுதல் தகாது.

இலையுருவைத் தாளிற் பதிக்கும் ஆவல் பழையது. லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் ஓர் இலையைக் கரிபூசிப் பதித்துவைத்தார். பெஞ்சமின் பிராங்கிளின் 1730களில் இலை நரம்புகளை உலோக அச்சில் வார்த்து நாணயத்தாளில் அச்சிட்டார். நரம்பின் நுட்பத்தைக் கள்ளத்தாள் அடிப்போர் வெட்டியெடுக்க இயலாதென்பது அவர் கருத்து. நம்மவர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதியபின் கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு முதலியவற்றைக் கரியோடு சேர்த்துப் பூசி எழுத்தை விளக்கினர். ஆயினும் இங்கெல்லாம் நிறந் தந்தது கரியும் மையுமே. இலையின் நிறத்தைத் தாளிற் பூசி வெயிலாற் படம் எடுக்க முயன்றவர் யோன் ஏர்சல். 1842இல் மலர், இலை ஆகியவற்றின் சாறு பூசிய தாளின்மேற் படமொன்றை வைத்து வெயிலிற் காயவிட்டார். ஒளிபட்ட இடம் வெளிற, மறைந்த இடம் நிறத்தோடு நின்றது. ஆனால் அப்படத்தை நிலைநிறுத்த வழியில்லை. பார்க்கும் ஒளியே அதனை அழித்தது. பச்சைப் புற்கறையின் கதைதான் அங்கும்.

அவுரியை மட்டும் தனியே கூறல் வேண்டும். அதன் இலையிலும் நீலம் இல்லை. நிறமற்ற இந்திக்கன் என்னும் பொருளே உண்டு. இலையை நீரில் ஊறவைக்க அது சிதைந்து, காற்றிலுள்ள ஒட்சிசனைப் பெற்று நீலமாகிப் படியும். அந்நீலம் நீரிற் கரையாது. காரநீரிற் புளிக்கவைத்து ஒட்சிசனை அகற்றினாலே மஞ்சட்பச்சையாய்க் கரையும். அதிற் தோய்த்த துணி வெளியே வந்ததும் நம் கண்முன்னே நீலமாகும். நிறமூன்றி வேண்டாத சாயம் இது.

அவுரியின் வரலாறோ அத்துணைத் தூயதன்று. வங்காளத்துக் குடியானவர் தம் நெல்வயலில் அவுரி பயிரிடுமாறு நெருக்கப்பட்டு 1859இற் கிளர்ந்தெழுந்தனர். காந்தியடிகள் 1917இற் சம்பாரனுக்குச் சென்றதும் இவ்வவுரியின் பொருட்டே. நம் வடபுலத்திலும் இத்தகைய கதையொன்று உண்டு. மன்னாரின் மணற்பாங்கான நிலங்களிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் தானே வளர்ந்த சாயவேர், சோழமண்டலக் கரையின் செந்நிறச் சீலைகளுக்கு நிறமளித்த வேரினமே. அச்சிவப்புப் பிடிப்பதற்குக் காசா மரத்தின் இலையும் சேர்க்கப்பட்டது. சீலைக்காரர் கடுக்காயோடு எருமைப்பாலிலும் துணியைத் தோய்த்ததைப் புதுவைப் பகுதியிலிருந்த கேர்தூ பாதிரியார் 1742இல் எழுதிய கடிதத்தில் விவரித்துள்ளார். பாலின் கொழுப்பு, எழுதிய நிறமூன்றி பரவாது தடுத்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் சாயவேரைத் தம் வருவாய்ப் பொருள்களுள் ஒன்றாக்கினர். வெயிலில் மண்ணைக் கிண்டி அம்மெல்லிய வேரைத் திரட்டும் பணி வேர்குத்திகள் எனப்பட்ட குடியினர்மேல் ஊழியமாகச் சுமத்தப்பட்டது. 1869இல் அலிசரின் என்னும் அச்சிவப்பை ஐரோப்பியர் ஆலையிற் செய்யத் தொடங்கவே வேருக்கு மதிப்பு வீழ்ந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரியையும் வீழ்த்தியது. தொழில் அழிந்ததற்கு வருந்துவோர், அவ்வேரைக் கிண்டிய கைகளையும் நினைத்தல் வேண்டும். இயற்கைச் சாயம் என்றவுடன் அதனைத் தீங்கற்றதென்றும் அறத்தோடு பட்டதென்றும் கொண்டாடுவது எமக்கு உடன்பாடன்று. சாயத்துக்குத் துணைநிற்கும் உப்புகளுள்ளும் துரிசு முதலியன நீர்நிலைக்குக் கேடு செய்வன.

இன்று இலைப்பதிவுச் சீலைகள் நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றின் நிறம் நாலைந்து சலவைக்கு நில்லாது. இதனை அறிதல் மாணாக்கர்க்கு எளிது. பதித்த துணியில் ஒரு விரற்கிடையளவு கத்தரித்து, அதன் பாதியைத் தடித்த கரிய அட்டையால் மூடி, யன்னலோரத்தில் வெயில் படும்படி வைக்க வேண்டும். மூன்று வாரம் சென்றபின் அட்டையை எடுத்து இரு பாதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நோக்குக. மற்றொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்துச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, வெள்ளையில் நிறம் ஏறியிருக்கின்றதா என்று பார்க்கவும். ஒவ்வோர் இலைக்கும் படிகாரத்தோடும், அன்னபேதியோடும், இரண்டுமின்றியும் இவ்வாறு சோதித்து, இலை பறித்த மாதத்தையும் மரத்தையும் அருகே எழுதி ஒரு கொப்பியில் ஒட்டிவைத்தால், நம்மூர் இலைகளைப் பற்றி நம்பத்தக்க ஏடொன்று சில ஆண்டுகளில் நம் கைக்கு வந்துவிடும்.