ஹைதராபாத்துக்கு ஏன் ஓடி வருகின்றன தொழில் மாநாடுகள்?

சார்மினாருக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஹைதராபாத், இன்று தொழில் மாநாடுகளுக்கும் பிரபலம். 2006-ல் திறக்கப்பட்ட எச்.ஐ.சி.சி மாநாட்டு அரங்கம், ஐ.டி நிறுவனங்கள் நிறைந்த ஹைடெக் சிட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நகரின் வடக்கே, கோவேக்சின் தடுப்பூசி உருவான ஜீனோம் வேலி.

மேடையில் கேட்டதை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்பதுதான் இந்த ஊரின் பலம். கொரோனா தடுப்பூசிக்காக உலகமே காத்திருந்த 2020 டிசம்பரில், 60-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தூதர்கள் ஜீனோம் வேலிக்கே வந்து தயாரிப்பு நிறுவனங்களைப் பார்வையிட்டார்கள்.

இங்கு நடக்கும் ‘பயோஏசியா’ மாநாடு, உள்ளூர் சிறு நிறுவனங்களுக்கும் வரப்பிரசாதம். விமானம் ஏறிப்போய்ச் சந்திக்கவேண்டிய முதலீட்டாளரை, சொந்த ஊரிலேயே சந்தித்துப் பேசலாமே!

ஒரே ஒரு விஷயம்... அரங்கம் மேற்கே, ஆய்வகங்கள் வடக்கே. டிராஃபிக்குக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்!