நடுவழியிற் கலாசாலை மாறுதல்

சென்ற மாதம் கலிபோர்ணியாவிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவன் என் பழைய மாணவன். இங்கே உயர்தரப் பரீட்சைக்கு இருமுறை தோற்றியும் பொறியியற் பீடத்துக்கு வேண்டிய புள்ளிகளைப் பெறாதவன். பின்னர் பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறியவன். இப்பொழுது "ஒரு கல்லூரியிலே" முதலாம் ஆண்டு படிப்பதாகவும், அடுத்த ஆண்டே பெயர்பெற்ற சர்வகலாசாலை ஒன்றுக்கு மாறிவிட வேண்டுமென்று தந்தையார் வற்புறுத்துவதாகவும், அதற்கு என்னுடைய நற்சான்றுக் கடிதம் தேவையென்றும் எழுதியிருந்தான். தான் படிக்கும் கல்லூரியின் பெயரை மட்டும் அவன் ஓரிடத்திலேனும் குறிப்பிடவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. அது சமுதாயக் கல்லூரி எனப்படும் ஈராண்டுக் கல்லூரி. விண்ணப்பித்தோர் எவரையும் சேர்த்துக்கொள்ளும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் "தம்பி எங்கே படிக்கிறார்?" என்று உறவினர் கேட்கும்போது தந்தையார் பேச்சை மாற்றிவிடுகிறாராம்.

இவ்விடயம் வெளிநாட்டிற் பிள்ளைகளையோ பெறாமக்களையோ உடைய பல குடும்பங்களுக்குப் பயன்படுமாதலால், நான் அவனுக்கு எழுதியவற்றைச் சுருக்கி இங்கே தருகின்றேன்.

பாதி வழியில் ஒரு வாயில்

நம் நாட்டிலே சர்வகலாசாலைப் பிரவேசத்தை ஒரு பரீட்சையே தீர்மானிக்கிறது. மூன்று முறைக்கு மேல் தோற்றி அனுமதி பெற முடியாது. அமெரிக்காவிலோ நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, பாடத்துக்குப் பாடம் அலகுகளாகக் கணிக்கப்படுகிறது. ஒரு கல்லூரியிற் பெற்ற அலகுகளை மற்றொரு கல்லூரி ஏற்றுக்கொள்ளுமாயின், மாணவன் இடைவழியிலே மாறி அங்கே பட்டம் பெறலாம்.

இம்முறையைத் திட்டமாக வகுத்த மாநிலம் கலிபோர்ணியா. 1960 ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்தின்படி, உயர்நிலைப் பாடசாலை முடித்தோருள் முதல் எட்டிலொரு பங்கினர் கலிபோர்ணியா சர்வகலாசாலைக்கும், முதல் மூன்றிலொரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவராயினர். ஈராண்டுக் கல்லூரிகளோ யாவருக்கும் திறந்திருந்தன. அங்கே முதலிரண்டு ஆண்டுகளைத் திறம்பட முடித்தோர் மூன்றாம் ஆண்டிற் சர்வகலாசாலைக்கு மாறலாம். பதினெட்டு வயதிற் பின்தங்கியவனுக்கு இருபது வயதில் இன்னொரு வாயில் திறந்திருத்தல் வேண்டுமென்பதே இதன் தத்துவம்.

இன்று அச்சர்வகலாசாலையின் ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த தரத்தில் முடித்த ஈராண்டுக் கல்லூரி மாணவருக்கு இடத்தை உறுதிசெய்கின்றன. பேர்க்கிலி, லொஸ் ஏஞ்சல்ஸ், சன் டியாகோ ஆகிய மூன்றும் அவ்வுறுதியைத் தருவதில்லை. எனினும் அங்கும் மாறுதல் மாணவர் பெருந்தொகையினர் ஆண்டுதோறும் சேர்கின்றனர்.

கட்டில் காலியானாற்றான் இடம்

மிகப் புகழ்பெற்ற தனியார் கலாசாலைகளின் கதை வேறு. அங்கே சேர்ந்தவர் பெரும்பாலும் விட்டு நீங்குவதில்லை. மாணவர் விடுதியிலே தங்கிப் படிக்கும் முறையாதலால், கட்டில் காலியானாற்றான் புதியவருக்கு இடம். ஹார்வர்ட் 2008 இல் விடுதி நெருக்கடியைக் காரணங்காட்டி ஈராண்டுகளுக்கு மாறுதல் அனுமதியை நிறுத்திவைத்தது. பிறின்ஸ்ரன் 1990 இலிருந்து மாறுதல் மாணவரைச் சேர்க்காதிருந்து, 2018 இலேதான் மீண்டும் வாயிலைத் திறந்தது. அவ்வாண்டு அது இடமளித்தவர் தொகை 13 மாத்திரமே.

ஆதலின், "மாறுதல் மூலம் நுழைவது சுலபம்" என்று யாரேனும் சொன்னால், "எந்தக் கலாசாலைக்கு?" என்று திருப்பிக் கேட்டல் வேண்டும்.

மாறியவர் மூவர்

பராக் ஒபாமா 1979 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒக்சிடென்டல் கல்லூரியிற் சேர்ந்து, 1981 இல் நியூயோர்க்கின் கொலம்பியாவுக்கு மாறி, 1983 இற் பட்டம் பெற்றார். விளையாட்டுலகில் நிறத்தடையை உடைத்த ஜக்கி ரொபின்சன், பசடீனாவிலிருந்த ஈராண்டுக் கல்லூரியிலே பயின்று, 1939 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்குச் சென்றவர்.

மூன்றாமவர் எதிர்த்திசையிற் சென்றார். பெருஞ்செல்வரான வொரன் பபெற், பெயர்பெற்ற பென்சில்வேனியா சர்வகலாசாலையிலிருந்து தம் சொந்த மாநிலமாகிய நெப்ராஸ்காவின் சர்வகலாசாலைக்கு மாறி, அங்கே 1950 இற் பட்டம் பெற்றார். அதனால் அவர் குறைந்துவிடவில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

முதலாவது, அலகுகள். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரையிற் கல்லூரி மாறிய மாணவர் தாம் பெற்ற அலகுகளிற் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தனர். இழந்த அலகு, இழந்த காலமும் பணமுமாகும். கலிபோர்ணியாவிலே எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் சர்வகலாசாலையின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதை யாவரும் பார்க்கக்கூடிய அட்டவணை உண்டு. பாடந் தெரியுமுன் அதனைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பணம். சில கலாசாலைகள் மாறுதல் மாணவருக்கும் முதலாண்டு மாணவருக்குரிய உதவியையே வழங்குகின்றன. வேறு சில மிகக் குறைவாகவே ஒதுக்குகின்றன. உதவித்தொகை எவ்வளவென்று எழுத்தில் அறியுமுன் பெயரைக் கண்டு மயங்கலாகாது.

மூன்றாவது, காலம். ஓராண்டு மட்டும் படித்து விண்ணப்பிப்பவனிடம் காட்டுவதற்கு ஒரு தவணைப் பெறுபேறே இருக்கும். எனவே பழைய பாடசாலைப் புள்ளிகளையே கூர்ந்து நோக்குவர். ஈராண்டு படித்தவனை அவன் கல்லூரிப் பெறுபேற்றைக் கொண்டே பெரிதும் மதிப்பிடுவர்.

நான்காவது, காரணம். ஏன் மாற விரும்புகிறாய் என்று விண்ணப்பத்திலே கேட்பார்கள். "இக்கல்லூரிக்குப் பெயரில்லை" என்பது விடையாகாது. அங்கே கிடைக்கும் எந்தக் கல்வி இங்கே இல்லை என்பதைச் சொல்லத் தெரிந்தவனே விடை சொன்னவன்.

நம் தோட்டக்காரர் இதனை நன்கறிவர். புகையிலையும் மிளகாயும் நாற்றுமேடையில் முளைத்துப் பின் தோட்டத்துக்கு மாறியே செழிக்கின்றன. ஆனால் வேரூன்றாத நாற்றை அவசரப்பட்டுப் பிடுங்குபவன் தோட்டக்காரனல்லன். நாற்றுமேடையைப் பார்த்து வெட்கப்படுபவனும் அல்லன்.

என் மாணவனுக்கு, "இரண்டாம் ஆண்டையும் முடி. கணிதத்தையும் பௌதிகத்தையும் இடைவிடாது படி. ஒரு வளாகத்தில் உறுதிபெற்ற இடத்தை வைத்துக்கொண்டு பேர்க்கிலிக்கும் முயன்று பார்" என்று எழுதினேன். தந்தையாருக்கும் தனியே ஒரு கடிதம் வரைந்தேன். பிள்ளை இங்கே இருமுறை தோற்றபோது படலையிற் காத்து நின்று அவனை அழைத்துச் சென்ற தகப்பன் அவர். அன்று அவர் வெட்கப்படவில்லை என்பதை நினைவூட்டினேன். வேறொன்றும் எழுதவில்லை.

நற்சான்றை அடுத்த ஆண்டுக்கென்று எழுதி வைத்துள்ளேன். உள்ளதையே எழுதினேன்: பரீட்சை மண்டபத்தில் நேரம் போதாமல் தடுமாறுவான், ஆனால் விளங்காத கணக்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டான்.

போன கிழமை பதில் வந்தது. இரண்டாம் ஆண்டுக்குப் பதிந்துவிட்டானாம். கடிதத்தின் தலைப்பிலே, தன் பெயருக்குக் கீழே, அந்தச் சமுதாயக் கல்லூரியின் பெயரை முழுமையாக எழுதியிருந்தான்.